வாசல்வரை வந்த கம்பி: இணையக் கட்டண வரலாறு – ஒரு நோக்கு

1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஒரு மடலுக்குரிய கட்டணம், அது செல்லும் தொலைவையும் அதிலுள்ள தாள்களின் எண்ணிக்கையையும் கொண்டு கணக்கிடப்பெற்றது. அதனைச் செலுத்துபவர் பெரும்பாலும் மடலைப் பெறுபவரே. இரண்டு தாள்களுக்கு இரட்டைக் கட்டணம் என்பதால், எழுதி முடித்த தாளையே குறுக்காகத் திருப்பி வரிகளின்மேல் வரிகளாக எழுதும் வழக்கம் அங்கு நிலவியது. ரோலண்ட் ஹில் என்பார் 1837இல் வெளியிட்ட சிறுநூலில் இக்கணக்கின் அடிப்படையே தவறு என நிறுவினார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு மடலைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே என்பது அவர் கண்ட முடிவு. ஊர்தோறும் மடலைத் திரட்டுவதும், கணக்கெழுதுவதும், கதவைத் தட்டிக் காசு வாங்குவதுமே பெருஞ்செலவாயின. நெடுவழி மலிவு, வாசல் அருமை.

கவிஞர்களும் சுவைஞர்களும் கூடும் மன்றத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அஞ்சற் கட்டணம் ஏன் என்று கேட்கலாம். இன்று நம் கவிதைகள் பயணம் செய்யும் வழி இணையம். அவ்வழிக்கு ஒரு வீடு செலுத்தும் கட்டணமோ நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது. காரணம் கேட்டால் நிலப்பரப்பு, மக்கள் நெருக்கம், கூலி விகிதம் என மூன்று விடைகள் ஆயத்தமாக வரும். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. தென்கொரியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மிகுதி. ஒரு கட்டடத்துக்குள் ஒரு கம்பி நுழைந்தால் நூறு வீடுகளை எட்டலாம். ஆனால் நியூயார்க்கும் மாடிகள் மலிந்த நகரமே. பாரிசைவிட அங்கே கட்டணம் மிகுந்திருப்பதற்கு நெருக்கத்தைக் காரணங்காட்ட இயலாது. வாசல்வரை வரும் கம்பி யாருடையது, அதன்வழிப் பிறரும் வணிகம் செய்யச் சட்டம் இடந்தருகிறதா என்பவையே கேட்கத்தக்க வினாக்கள் என்பது என் துணிபு.

இவ்வினாக்களின் வன்மையை உணர, தொலைபேசிவழி இணையம் வந்த தொண்ணூறுகளுக்குச் செல்லவேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளூர் அழைப்பு மாதக் கட்டணத்துக்குள் அடங்கியிருந்தது. எவ்வளவு நேரம் பேசினாலும் கூடுதல் காசில்லை. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் 1996 டிசம்பரில் மணிக்கணக்கை விடுத்து, மாதம் 19.95 டாலருக்கு வரம்பற்ற இணைப்பைத் தந்தது. மக்கள் திரண்ட வேகத்தில் அதன் தொலைபேசித் தடங்களே நெரிந்துபோயின. ஐரோப்பாவின் நிலை வேறு. அங்கு உள்ளூர் அழைப்பும் நேரத்தைப் பொறுத்தது. இணையத்தில் வாசிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசி நிறுவனத்துக்குக் காசு சென்றது. பிரிட்டனில் 1998இல் தோன்றிய ஃப்ரீசர்வ் சேவைக்குச் சந்தா இல்லை. ஆயினும் அழைப்புக் கட்டணத்தின் ஒரு பங்கே அதன் வருவாய். அதே ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஸ்பெயின் நாட்டு இணையப் பயனர்கள், உள்ளூர் அழைப்புக் கட்டண உயர்வை எதிர்த்து, ஒருநாள் முழுதும் இணையத்தைத் தொடாமல் வேலைநிறுத்தம் செய்தனர். செருமானியரும் நவம்பரில் அவ்வழியே சென்றனர். அந்த 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்றுதான் மதுரைத் திட்டம் தொடங்கியது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றத் தொடங்கியது இத்தகைய நிமிடக் கணக்குக் காலத்தில்தான்.

அன்று அமெரிக்கா மலிவு, ஐரோப்பா அருமை. பத்தாண்டுகளில் இது தலைகீழாயிற்று. 1996 பிப்ரவரியில் நிறைவேறிய அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய தொலைபேசி நிறுவனங்கள் தம் கம்பிகளைப் போட்டியாளர்க்கு வாடகைக்குத் தரவேண்டும் என்றது. ஆயினும் அதனைச் செயற்படுத்தவேண்டிய கூட்டரசு ஆணையம் படிப்படியாகப் பின்வாங்கியது. கேபிள் தொலைக்காட்சிக் கம்பிவழி வரும் இணையம் 'தகவல் சேவை' என்னும் வகையைச் சேர்ந்தது. ஆதலின் பகிரும் கடமை அதற்கில்லை என 2002இல் அறிவித்தது. உச்சநீதிமன்றம் 2005 ஜூனில் அதனை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொலைபேசிக் கம்பிவழி இணையத்துக்கும் அவ்விலக்கே வழங்கப்பட்டது. சொல்லாராய்ச்சி செய்வோர் கவனிக்கத்தக்க இடம் இது. ஒரு சேவையை எப்பெயரால் வகைப்படுத்துவது என்பது கோடிக்கணக்கான வீடுகளின் மாதச் செலவை வரையறுத்தது. பல ஊர்களில் ஒரு கேபிள் நிறுவனமும் ஒரு தொலைபேசி நிறுவனமுமே எஞ்சின.

ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையில் நடந்தது. 2000ஆம் ஆண்டு இறுதியில் அது பிறப்பித்த விதி, வீட்டுக்கம்பியைப் பிறருக்குத் திறந்துவிடுமாறு பழைய நிறுவனங்களைப் பணித்தது. பிரான்சின் ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாடகையைக் குறைக்கவே, 'ஃப்ரீ' என்னும் நிறுவனம் 2002இல் மாதம் 29.99 யூரோவுக்கு விரைவு இணையத்தைத் தந்தது. மறு ஆண்டே அதே கட்டணத்துக்குள் தொலைபேசியும் தொலைக்காட்சியும் வந்தன. அவ்விலை பல ஆண்டுகள் அசையவில்லை; ஏனையோரும் அதனை ஒட்டியே விலை வைக்க நேர்ந்தது. பிரிட்டன் 2006இல் கம்பிகளைப் பேணுவதற்கென்றே ஓப்பன்ரீச் என்னும் தனிப்பிரிவை அமைத்து, எல்லா நிறுவனங்களுக்கும் ஒப்ப வழங்கச் செய்தது.

மறுதரப்பாரின் வாதத்தையும் கூறவேண்டும். தான் புதைத்த கம்பியில் அயலான் வணிகம் செய்வானெனில், புதுக்கம்பி புதைக்க எவர் முன்வருவர் என்று அமெரிக்க நிறுவனங்கள் கேட்டன. புறந்தள்ளத்தக்க வினாவன்று இது. அந்நாட்டுக் கேபிள் நிறுவனங்கள் பின்னாளில் வேகத்தைப் பன்மடங்கு உயர்த்தியதும் உண்மை. ஆனால் பிரான்சில் வாடகைக்கம்பியில் தொடங்கிய நிறுவனமே 2006இல் சொந்தக் கண்ணாடியிழை அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. வாடகைக்குக் குடியிருந்தவர் வீடு கட்டினார். அமெரிக்காவிலும் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரின் மின்வாரியம், 2010இல் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தைத் தந்தது. பின்னர் அது தன் எல்லையைக் கடந்து அண்டை ஊர்களுக்குச் செல்ல மாநிலச் சட்டம் தடையாயிற்று.

கடலிலும் இதே கதைதான். மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரமாக 2002இல் சாட்-3 என்னும் கடலடி வடம் வந்தது. வடம் வந்தும் விலை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. பல நாடுகளில் அது கரையேறும் நிலையத்தின் திறவுகோல் தனியுரிமை பெற்ற ஒரே நிறுவனத்திடம் இருந்தது. 2010இல் மெயின் ஒன் என்னும் தனியார் வடம் நைஜீரியாவையும் கானாவையும் எட்டிய பின்னரே மொத்த விலை சரிந்தது. சென்னைக் கரையிலும் 2002இல் சிங்கப்பூரிலிருந்து ஒரு தனியார் வடம் வந்திறங்கியது.

இந்தியாவில் 15.8.1995 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, தனியொருவருக்கு 250 மணி நேரத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய். தொலைபேசிச் செலவு தனி. 1998 நவம்பரில் தனியார்க்கும் வழி விடப்பட்டது. எனினும் நம் நாட்டில் கம்பி பெற்ற வீடுகளே சிலவாதலின், கம்பியைப் பகிர்தல் பெரும்பிரச்சினையாக எழவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நுழைந்ததும் விலை வீழ்ந்தது. ஆனால் அது அலைபேசிவழி வந்த மலிவு. கம்பிவழி இணைப்புகள் இன்றும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அவ்விலைப்போரில் பல நிறுவனங்கள் மறைந்தன. எஞ்சிய மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தின.

விலையின் பொருளை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று காட்டியது. பள்ளிகள் வீட்டுத்திரைக்குள் புகுந்த அவ்வாண்டு ஆகஸ்டில், கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் இரு சிறுமியர் ஓர் உணவகத்தின் வெளியே தரையிலமர்ந்து, அதன் கம்பியில்லா இணைப்பைக் கொண்டு பாடம் பயின்ற படம் உலகெங்கும் பரவியது. கணினியுகத்தின் தலைநகரெனப் போற்றப்பெறும் சிலிக்கன் பள்ளத்தாக்கு அவ்வூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுக்குள்தான் உள்ளது. அமெரிக்க அரசு 2021இல் சட்டமியற்றி, ஏழைக் குடும்பங்களின் இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை கருவூலத்திலிருந்தே செலுத்தியது. இரண்டு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் சேர்ந்தன. நிதி தீர்ந்தமையால் 2024 ஜூன் முதல் நாள் அத்திட்டம் முடிவுற்றது. நியூயார்க் மாநிலம் மட்டும் வேறு வழியை நாடியது. வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு மாதம் 15 டாலருக்கு இணைப்பைத் தந்தே ஆகவேண்டும் என 2021இல் அது இயற்றிய சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் வழக்காடின. அச்சட்டம் 2025 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.