அம்மணி என்னும் பெயர்: விளிச்சொல்லும் பெண் ஆளுமைகளும்

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் புறமதிலில் திசைக்கொன்றாக நான்கு பெருங்கோபுரங்கள் உள்ளன. கிழக்கே இராசகோபுரம், தெற்கே திருமஞ்சனக் கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம் என அவை வழங்கப்பெறுகின்றன. இந்நான்கனுள் வடக்குக் கோபுரம் ஒன்றே அதை எழுப்பிய மனிதரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் அரச குடியில் பிறந்தவரல்லர். துறவு பூண்ட ஒரு பெண். அம்மணி என்னும் பெயர் அதனைத் தாங்கிய பெண்களின் அடையாளத்தை எவ்வாறு காத்தது, எவ்வாறு மறைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் விளியும்

‘அம்மணி’ பெண்களை மதிப்புடன் அழைக்கும் சொல், இயற்பெயராகவும் இடப்படுவது. விளிச்சொல்லே பெயராக நிலைப்பது தமிழில் புதிதன்று. இறைவன் ‘அம்மையே’ என விளித்தமையால் புனிதவதியார் காரைக்கால் அம்மையார் ஆனார் என்கிறது பெரியபுராணம். ஆயினும் சேக்கிழார் அவரது இயற்பெயரையும் பதிவு செய்தார். அம்மையாரின் பாடல்களும் நிலைபெற்றன. எனவே விளிப்பெயர் அவரை மறைக்கவில்லை.

வடக்குக் கோபுரத்து அம்மணியம்மாள்

அம்மணியம்மாள் செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்தவர் என்பதும், அவரது இயற்பெயர் அருள்மொழி என்பதும், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பதும் தலமரபு. முற்றுப்பெறாது நின்ற வடக்குக் கோபுரத்தை, வீடுதோறும் சென்று திரட்டிய பொருளைக் கொண்டு அவர் நிறைவு செய்தார் என்று அம்மரபு கூறுகிறது. கூலியாக அளித்த திருநீறு பணியாளர் கையில் காசாக மாறிற்று என்னும் செய்தியும் வழங்குகிறது. இவ்வற்புதச் செய்தியை நீக்கிப் பார்ப்பினும், ஊர்மக்களிடம் பொருள் திரட்டி, பணியாளரை நடத்திச் சென்ற ஒரு பெண்ணின் நிருவாகத் திறன் புலனாகிறது. கிருட்டிணதேவராயர் தொடங்கிய இராசகோபுரம் 217 அடி; அம்மணியம்மாள் முடித்த கோபுரம் 171 அடி. அவரது சமாதி கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்தின் அருகே உள்ளது.

எனினும் வழக்கில் ‘அம்மாள்’ ‘அம்மன்’ ஆயிற்று. ‘அம்மாள்’ மனிதரைக் குறிக்கும். ‘அம்மன்’ தெய்வத்தைக் குறிக்கும். உண்ணாமுலையம்மன் உறையும் தலத்தில், ‘அம்மணி அம்மன்’ என்பதையும் ஒரு தெய்வத்தின் பெயராகக் கொள்ள இடமுண்டாகிறது. போற்றுதலால் வந்த மாற்றமே உழைத்தவரை மறைக்கவும் காரணமாகிறது.

எழுத்தாளர் அம்மணி அம்மாள்

இதே பெயர் தமிழ்ச் சிறுகதை வரலாற்றிலும் இடம்பெறுகிறது. அம்மணி அம்மாள் எழுதிய ‘சங்கல்பமும் சம்பவமும்’ 1913இல் ‘விவேகபோதினி’ இதழில் வெளிவந்தது. தமிழின் முதற்சிறுகதை என நெடுங்காலம் சுட்டப்பட்ட வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ அதே இதழில் 1915இல்தான் வெளிவந்தது. ஈராண்டு முந்திய கதையாயினும், பாடநூல்களில் ஐயரின் கதை பெற்ற இடத்தை அது பெறவில்லை. ஊரோ குடும்பமோ சுட்டாத பொதுப்பெயரைக் கொண்டு ஓர் எழுத்தாளரின் வாழ்வைத் தேடுவது அரிது. அவரைக் காலத்தில் நிலைநிறுத்துபவை இதழின் பெயரும் ஆண்டுமே.

முடிவுரை

புனிதவதியாருக்குப் புராணமும் பாடலும், துறவிக்குக் கோபுரம், எழுத்தாளருக்கு அச்சிதழ் என மூவருக்கும் பெயருக்கு அப்பாற்பட்ட சான்றே துணைநிற்கிறது. ஆகவே கோயில் வரலாறுகளில் ‘அம்மணியம்மாள் கோபுரம்’ என்னும் வடிவத்தை எழுதுவதும், பெண் படைப்பாளர் அட்டவணைகளில் பெயருடன் இதழையும் ஆண்டையும் சேர்த்துக் குறிப்பதும் வேண்டற்பாலன. பொதுப்பெயருக்குள் மறைந்த தனிமனிதரை வரலாறு இவ்வாறே மீட்க இயலும்.