விபத்துக் காரின் வெல்டிங்: சூடு குறைந்த வரலாறு

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன் உடல் குதிரைவண்டி கட்டியவர்களின் கைவேலையாகவே இருந்தது. மரச்சட்டம் கட்டி, அதன்மேல் தகட்டைப் போர்த்தினார்கள். மோதி நசுங்கினால் தச்சரும் கொல்லரும் சேர்ந்து சரிசெய்தார்கள். இந்த நிலையை மாற்றியவர் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எட்வர்ட் பட். 1912இல் அவர் தொடங்கிய நிறுவனம், முழுக்க எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி, வெல்டிங் செய்து, டாட்ஜ் சகோதரர்களின் காருக்கு உடல் செய்து கொடுத்தது. 1934இல் வந்த சித்ரோயென் டிராக்சியோன் அவான் காரில் சேஸிஸ் என்ற தனிச் சட்டமே இல்லை. ஒன்றோடொன்று பற்றவைத்த தகடுகளே வண்டியின் சுமை முழுவதையும் தாங்கின. அன்றிலிருந்து உள்ளே இருப்பவரின் உயிரும் பற்றவைப்பை நம்பியது. பழுது பார்க்கும் பட்டறைகள் இதை முழுதாக உணர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

தொழிற்சாலையில் நடந்தது ஸ்பாட் வெல்டிங். 1880களில் எலிஹு தாம்சன் உருவாக்கிய மின்தடைப் பற்றவைப்பின் வழி வந்தது அது. இரண்டு செப்பு முனைகள் தகடுகளை இருபுறமும் இறுக்கிப் பிடிக்க, ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் நொடியின் ஒரு சிறு பங்கு நேரம் பாயும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி மட்டும் உருகி ஒன்றாகும்; சுற்றியுள்ள தகடு பெரிதாகச் சூடாவதில்லை. பட்டறையில் இந்த எந்திரம் கிடையாது. அங்கே இருந்தது ஆக்ஸிஜன்-அசிட்டிலீன் சுடர். ஏறத்தாழ 3,100 டிகிரி செல்சியஸ் சூடுள்ள அந்தச் சுடர் தேவையான இடத்தோடு நிற்காமல், சுற்றியுள்ள தகட்டையும் பழுக்கக் காய்ச்சி நெளியவைத்தது. நெளிவைத் தட்டி நிமிர்த்தி, மிச்சப் பள்ளத்தை ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசால் நிரப்பினார்கள். 1950களிலிருந்து பாலியெஸ்டர் பட்டி அந்த இடத்தைப் பிடித்தது.

அன்றைய தகடு தடித்த மென்னெஃகு. எவ்வளவு சுட்டாலும் பெரிதாக வலுவிழக்காது. தனிச் சேஸிஸ் இல்லாத அம்பாசடர் கார்களைத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் இந்தச் சுடரால் செய்யும் கேஸ் வெல்டிங்கில் பல்லாண்டு ஓட்ட முடிந்ததற்கு இந்தப் பொறுமைதான் காரணம். கைத்திறன் மிக்க டிங்கர் ஒருவர் சுடரைக் கொண்டே தகட்டைச் சுருக்கவும் விரிக்கவும் அறிந்திருந்தார். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. அதற்கு இடம்கொடாத எஃகு பின்னால் வந்தது.

1970களின் எண்ணெய் நெருக்கடி வண்டியின் எடையைக் குறைக்கச் சொன்னது. தகடு மெலிந்தது, இழந்த வலுவை ஈடுகட்ட உயர்வலு எஃகு நுழைந்தது. இதன் வலு நுண்ணிய கலவைப் பொருள்களிலும் உருட்டிய முறையிலும் இருக்கிறது. கேஸ் சுடர் பட்டால் அந்த அமைப்பு கலைந்துவிடும். இணைப்பு உறுதியாகவே தெரியும், பக்கத்துத் தகடு மென்மையாகிவிட்டிருக்கும். அடுத்த மோதலில் மடிய வேண்டிய இடத்தில் மடியாமல் வேறிடத்தில் மடியும். உடலின் முக்கியப் பகுதிகளில் சுடர் படக்கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் எச்சரித்தன.

அதற்கு மாற்று ஏற்கெனவே இருந்தது. 1948இல் அமெரிக்காவின் பேட்டல் நினைவு நிறுவனத்தில் உருவான, கம்பியை மின்வில்லில் உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங், முதலில் அலுமினியத்துக்கானது. 1950களில் கரியமில வாயு காப்பு வாயுவாக வந்ததும் எஃகுக்கும் அது மலிவாகக் கிடைத்தது. 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பியும் குறைந்த மின்னோட்டமும் மெல்லிய தகட்டுக்குப் பொருந்தின. மேல் தகட்டில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் துளையிட்டு அதை உருகிய உலோகத்தால் நிரப்பும் ‘பிளக் வெல்டிங்’ ஸ்பாட் புள்ளிக்கு ஈடாயிற்று.

எந்திரத்தைவிடப் பெரிய மாற்றம் பழக்கத்தில் வந்தது. பிரிட்டனில் 1969இல் தொடங்கிய தாட்சம் ஆய்வு மையமும் அமெரிக்காவில் 1979இல் தொடங்கிய ஐ-கார் அமைப்பும் பழுது பார்ப்பதை ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியதாக்கின. வண்டியில் கை வைப்பதற்கு முன், அதே கனமுள்ள துண்டுத் தகடுகளில் பற்றவைத்து, இடுக்கியால் கிழித்துப் பார்க்க வேண்டும். பற்று தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் சரி. சுத்தமாக விடுபட்டால் உருகியது மேற்பரப்பு மட்டுமே. மேலே வழவழப்பாகத் தெரியும் எத்தனையோ பற்றுகள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். வண்ணத்தையும் துருவையும் சுரண்டி வெற்றுலோகம் காட்டுவது, தகடுகளை இடைவெளியின்றி இறுக்குவது, ஒரே மூச்சில் நீளமாக ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகப் பற்றவைப்பது ஆகிய மூன்றும் நல்ல பற்றுக்கு அடித்தளம்.

1984இல் சாப் 9000 காரின் கதவுக்குள் போரான் எஃகுத் தண்டு வந்தது. மென்னெஃகின் வலு 300 மெகாபாஸ்கல் அளவு என்றால் இதன் வலு 1,500. சூடாக்கி அழுத்தி, அச்சுக்குள்ளேயே குளிரவைத்துப் பெறும் வலு என்பதால், மீண்டும் சுட்டால் போய்விடும். பொதுவாகப் பாகத்தை முழுதாக மாற்றத்தான் வேண்டும், நடுவில் வெட்டி இணைக்கக்கூடாது. துத்தநாகம் பூசிய தகடு இன்னொரு தொல்லை: 907 டிகிரியில் அந்தத் துத்தநாகம் கொதித்து ஆவியாகிப் பற்றில் ஓட்டைகளை விடுகிறது. இதற்காகவே சிலிக்கன் வெண்கலக் கம்பியைக் கொண்டு, எஃகை உருக்காமல் இணைக்கும் மிக் பிரேசிங் புகுந்தது. தொழிற்சாலை எந்திரத்தின் சிறு வடிவமான இடுக்கி வகை ஸ்பாட் வெல்டரும் இன்வெர்ட்டர் தொழில்நுட்பத்தால் பட்டறைக்குள் வந்தது. வண்டி பிறந்தபோது செய்த அதே பற்றைப் பழுதிலும் செய்ய முடிந்தது.

முறை தவறுவதன் விலையை 2017இல் டெக்சாஸ் மாநிலம் டாலஸில் ஒரு வழக்கு காட்டியது. 2010ஆம் ஆண்டு ஹோண்டா ஃபிட் காரின் கூரையை, தயாரிப்பாளர் சொன்ன ஸ்பாட் வெல்டிங்குக்குப் பதிலாக, ஒரு பட்டறை பசையால் ஒட்டியிருந்தது. பின்னர் நேர்ந்த மோதலில் அந்த வண்டியிலிருந்த தம்பதியர் கடுமையாகக் காயமுற்றனர். இழப்பீட்டில் பட்டறையின் பங்காக 3 கோடியே 15 லட்சம் டாலரை ஜூரி விதித்தது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. 1994இல் வந்த ஆடி ஏ8, 2015ஆம் ஆண்டு மாடலான ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய உடல்களில் தயாரிப்பாளரே ரிவெட்டையும் பசையையும் பல இடங்களில் கேட்கிறார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். சூட்டையும் அலுமினியம் வேகமாகக் கடத்திவிடும். எஃகுத் தூசி பட்டால் அரிப்பு தொடங்கும் என்பதால், இந்த வேலைக்குத் தனிக் கருவிகளையும் தனித் தடுப்பறையையும் பட்டறைகள் ஒதுக்குகின்றன.