ஃபஸ் ஃபேஸ் பெடல்: கிட்டிலிருந்து கட்டுதல்

ஃபஸ் ஃபேஸ் என்பது எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பும் அடர்த்தியும் கொண்டதாக மாற்றும் பெடல். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் வைத்து, காலால் மிதித்து இயக்குவது. லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் இதை 1966-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் போன்ற வட்டப் பெட்டி, மேலே இரண்டு குமிழ், ஒரு மிதிசுவிட்ச். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததால் உலகப் புகழ் பெற்ற இந்தப் பெட்டியைத் திறந்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு பாட் (குமிழ் திருப்பும் மாறும் ரெசிஸ்டர்) என்று பதினொரு பாகங்கள்தான் இருக்கும். முதன்முதலாகப் பெடல் கட்டுபவர்கள் பலரும் இதன் கிட்டை, அதாவது பாகங்களின் தொகுப்பை, தேர்ந்தெடுப்பதற்கு இந்தச் சுருக்கமே காரணம். எண்ணிக்கை குறைவு என்பதால் இதை எளிய வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் ஃபேஸில் வரைபடம் பாதி வழிதான் கூட்டிச் செல்கிறது. மீதி வழியைக் கட்டுபவரே தேடிக்கொள்ள வேண்டும். அதனாலேயே இந்தக் கிட்டை வெறும் பூட்டுவேலை என்று ஒதுக்க முடியாது.

இந்த ஒலியின் வரலாறே ஒரு பழுதில்தான் தொடங்குகிறது. 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாட்டுக்காக நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் வாசித்த பகுதி, மிக்ஸிங் கன்சோலின் ஒரு சேனல் கெட்டிருந்ததால் உறுமலாகப் பதிவானது. அது அழிக்கப்படாமல் பாட்டிலேயே தங்கிவிட்டது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை டிரான்சிஸ்டர் கொண்டு வேண்டும்போது வரவழைக்க முயன்றார். அதன் பலனாகவே கிப்சன் நிறுவனத்தின் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் 1962-ல் கடைக்கு வந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகு ரோலிங் ஸ்டோன்ஸின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் ஒலித்த பின்புதான் அதைப் பலரும் தேடினார்கள். பழுதாகப் பிறந்த ஒலியை ஒரு சர்க்யூட்டில் அடக்கும்போது, 'சரியான அளவு' என்பதை எந்த எண்ணும் முழுதாகச் சொல்லிவிடாது. எவ்வளவு பழுது வேண்டும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

சர்க்யூட்டை நெருங்கிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டர் நேராக இரண்டாவதன் பேஸில் போய்ச் சேர்கிறது. நடுவில் கெப்பாசிட்டர் கிடையாது. இரண்டாவதன் எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று முதலாவதன் பேஸுக்குத் திரும்பி வருகிறது. ஆக, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நிற்கின்றன. ஒன்றின் குணம் மாறினால் இரண்டின் நிலையும் நகரும். இரண்டாவதன் கலெக்டரில் 9 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி, அதாவது 4.5 வோல்ட், நிற்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதிலிருந்து அதிகம் விலகினால் சுரம் நீளாமல் பொட்டென்று அறுந்துவிடும். அந்த வோல்ட்டேஜைத் தீர்மானிக்கும் கலெக்டர் ரெசிஸ்டர் மூல வரைபடத்தில் 8.2 கிலோ ஓம் என்று இருக்கிறது. ஆனால் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே எண், ஒரே பெட்டி என்றாலும் ஒன்றின் மின்னோட்டப் பெருக்கம் 60 என்றால் இன்னொன்றுடையது 150 ஆகவும் இருக்கலாம். முதலாவதற்கு 70 முதல் 80 வரையும் இரண்டாவதற்கு 110 முதல் 130 வரையும் இருந்தால் நன்றாக ஒலிக்கும் என்பது கட்டுபவர்கள் நடுவே நிலைத்த கணிப்பு. அந்த ஜோடியைத் தேடி எடுப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

தேடுவதிலும் ஒரு பொறி உண்டு. ஜெர்மேனியத்தில், பேஸுக்கு மின்சாரமே கொடுக்காவிட்டாலும் கொஞ்சம் கசிந்து ஓடும். சாதாரண மல்டிமீட்டரின் டிரான்சிஸ்டர் துளையில் செருகினால் அந்தக் கசிவையும் பெருக்கம் என்றே கணக்கில் சேர்த்துக் காட்டும். இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. கலெக்டர் பாதையில் 2.472 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, 9 வோல்ட் பேட்டரியை இணைத்து, ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரின் கம்பிகளை வைக்க வேண்டும். பேஸ் எதனுடனும் சேராதபோது மீட்டர் 0.35 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். அது முழுக்கக் கசிவு. 2.2 மெகா ஓம் வழியாகப் பேஸை இணைத்ததும் 1.15 ஆகிறது. வித்தியாசம் 0.80, பெருக்கம் 80. கசிவைக் கழிக்காதவர் அதை 115 என்று நம்பித் தவறான இடத்தில் வைத்திருப்பார். அளக்கும்போது டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்தால், கண்முன்னே எண் ஏறும்; விரலின் சூடு கசிவைக் கூட்டுகிறது. விட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்தால்தான் எண் இறங்கி நிற்கும். இந்தப் பொறுமையை எந்தக் கிட்டின் விளக்கத்தாளும் உறையில் போட்டுத் தர முடியாது.

கிட் என்பது எண் போட்ட கட்டங்களில் வண்ணம் நிரப்புவது போலத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சிலிக்கான் கிட்டுக்கு அந்தக் கேள்வி பெருமளவு பொருந்தும். பின்னாளில் ஃபஸ் ஃபேஸிலேயே வந்த பிசி 108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்களில் கசிவு புறக்கணிக்கத்தக்கது. சொன்னதைச் சொன்ன இடத்தில் வைத்தால் ஒலித்துவிடும். சில விற்பனையாளர்கள் ஜெர்மேனியத்தையும் அளந்து, ஜோடி சேர்த்தே அனுப்புகிறார்கள். அப்போதும் 8.2 கிலோ ஓமுக்குப் பதிலாக வைத்து, கலெக்டர் வோல்ட்டேஜைச் சரிசெய்யும் ட்ரிம்பாட்டை (திருப்பி மாற்றும் சிறு ரெசிஸ்டரை) கட்டுபவர்தான் திருப்ப வேண்டும். 4.5-இல் நிறுத்தலாம், அல்லது கிட்டாரை மீட்டிக்கொண்டே காதுக்கு இதமான இடத்தில் நிறுத்தலாம். இரண்டும் பெரும்பாலும் ஒரே இடமாக இருப்பதில்லை. கடையில் வாங்கிய பெடலில் இந்த முடிவை வேறொருவர் எடுத்துவிட்டிருப்பார்.

விலையைச் சொல்லி மறுப்பவர்களின் வாதம் நியாயமானது. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஈயம், துளையிட்ட அலுமினியப் பெட்டி எல்லாம் சேர்த்தால் முதல் பெடல் கடைப் பெடலைவிடச் செலவு வைப்பது சகஜம். சிக்கனத்துக்காகக் கட்டுபவர் ஏமாறுவார். டிஜிட்டல் கருவிகள் இதே ஒலியைப் போலச் செய்துவிடுகின்றனவே என்ற மறுப்புக்குப் பதில் சற்று நீளமானது. ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. அது கிட்டாரின் பிக்கப்பை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கிட்டாரில் வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே உறுமல் கரைந்து, கண்ணாடி போன்ற தெளிந்த ஒலி வந்துவிடும். நடுவில், பிக்கப்பை ஃபஸ்ஸிலிருந்து பிரித்துவிடும் ஒரு பஃபர் பெடலை வைத்தாலே இந்தக் குணம் போய்விடும். சில டிஜிட்டல் கருவிகள் உள்ளீட்டு மின்மறுப்பை மாற்றும் வசதியை இதற்கென்றே வைத்திருக்கின்றன. அவை நெருங்கி வருகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வால்யூம் குமிழ் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது, உள்ளீட்டுக் கம்பியைத் தன் கையால் சர்க்யூட்டில் சேர்த்தவருக்கு விளங்கும் அளவுக்குத் திரையைப் பார்ப்பவருக்கு விளங்காது.

கட்டும்போது கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். பலகையைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கினால் பற்று மங்கி, மணிபோல் உருண்டு நிற்கும். மின்சாரம் விட்டுவிட்டுப் பாயும். ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது என்பதால் சாக்கெட்டை முதலில் பற்றவைத்துவிட்டு, டிரான்சிஸ்டரைக் கடைசியில் செருகுவது நல்லது. ஜோடியை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்க்கவும் அது உதவும். பழைய பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் அமைப்பில் பேட்டரியின் நேர்முனைதான் கிரவுண்ட். அதை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். இவையெல்லாம் சரியான பின்பும் வெயில் ஏற ஏறக் கசிவு கூடும். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இரட்டிப்பாகும். குளிர்ந்த அறையில் சரிபார்த்த பெடல் சூடான மேடை விளக்கடியில் வேறு குரலில் பேசும். பலர் அந்த ட்ரிம்பாட்டைப் பெட்டிக்குள் புதைக்காமல், வெளியே மூன்றாவது குமிழாக வைத்துக் கட்டுவது இதற்காகத்தான்.