ஊசியும் மயக்கமும்

பல் பிடுங்கப் போனவர் ஊசி போட்டவுடன் மயங்கிச் சாய்ந்தால், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவது நம் இல்லங்களின் வழக்கம். பல்லாண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. அதன்பின் பல் மருத்துவரின் படியேற அஞ்சி, இரண்டு கடைவாய்ப் பற்களை இழந்தோம். பழியை மருந்தின் மேல் போட்டோம். அது தவறென்பதை வரலாறு பின்னர் உணர்த்தியது.

குர்துபா நகரின் அறுவை மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் பல் பிடுங்கும் முறையை விவரித்தார். நோயாளியின் தலையை மருத்துவர் அசையாது பற்றிக்கொள்ள வேண்டும் என்றார். தரையில் அமர்த்தும் வழக்கத்தை மறுத்து, நாற்காலியை வற்புறுத்தியவர் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார். அவர் நூல் 1728இல் வெளிவந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர், கொக்கெய்ன் கண்ணை மரக்கச் செய்வதைக் காட்டினார். விரைவிலேயே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் அதனைத் தாடை நரம்பருகே ஊசியால் செலுத்தினார். வலி அகன்றது, நிமிர்ந்த நாற்காலியும் ஊசி பற்றிய அச்சமும் அகலவில்லை.

அச்சம் மிகும்போது சிலருக்கு இதயத்துடிப்பு திடீரெனத் தளர்கிறது. குருதிக் குழாய்கள் விரிகின்றன. நிமிர்ந்திருப்பவரின் குருதி கால்களில் தேங்கி, மூளைக்குப் போதாமற் போகிறது. இதற்கு 1932இல் ‘வேசோவேகல்’ எனப் பெயரிட்டவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ். அரபியில் மயக்கத்தைக் குறிக்கும் ‘கஷ்யு’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் ‘மூடுதல்’. அத்திரை மூடுமுன் முகம் வெளிறும், வியர்க்கும், கொட்டாவி வரும்.

1950களின் இறுதியில் முழுதும் சாயும் நாற்காலி வந்தது. சாய்ந்து படுத்தவருக்கு ஊசி போட்டால் மயக்கம் அரிது. வெறும் வயிற்றுடன் போகலாகாது. ரமளானில் அவசரமற்ற சிகிச்சையை நோன்பு திறந்த பின்னரோ, பெருநாளுக்குப் பின்னரோ வைத்துக்கொள்வது நலம். மயக்கம் வந்தால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். உட்கார வைத்துத் தண்ணீர் புகட்டலாகாது. உடலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால் அது மருந்தின் ஒவ்வாமையாயிருக்கலாம். உடனே சிகிச்சை வேண்டும்.

அச்சத்தைச் சொல்ல நாணும் இளைஞரே பெரிதும் மயங்குகின்றனர். நாம் மறுமுறை சென்றபோது, முன்னம் மயங்கியதை மருத்துவரிடம் சொன்னோம். அவர் புன்னகைத்து நாற்காலியைச் சாய்த்தார். அதே மருந்துதான், மயக்கம் வரவில்லை.