பழந் துப்பாக்கிகளும் பெல்ஜிய முத்திரைகளும்

தா.பழூரைச் சூழ்ந்த ஊர்களிலும், வடக்கே ஜயங்கொண்டம், உடையார்பாளையம் பகுதிகளிலும் உள்ள பழைய மிராசுக் குடும்பங்கள் சிலவற்றில், பாட்டனார் காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உறையிட்டு வைக்கப்பட்டிருத்தல் உண்டு. கொள்ளிடத்துப் படுகைகளிலும் ஏரிகளிலும் பனிக்காலத்தில் வந்திறங்கும் வாத்து, உள்ளான் முதலியவற்றைச் சுடுவதற்கும், காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்காமல் காப்பதற்குமாக அவை வாங்கப்பட்டன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்பின் அவ்வேட்டை ஓய்ந்தது; துப்பாக்கிகள் மட்டும் எஞ்சி நின்றன. அவற்றைக் காட்டும் வீட்டார், "இது லண்டனிற் செய்தது, ஜமீன் வழியாய் எங்களுக்கு வந்தது" என்று பெருமையோடு கூறுவர். அவ்வுரையுள் எவ்வளவு மெய்யென்று அறிதற்கு வழி உண்டோ எனின், உண்டு. அத்துப்பாக்கியே அதனைச் சொல்லும். கேட்கும் முறையை மட்டும் யாம் அறிதல் வேண்டும்.

பெல்ஜியம் என்னும் சிறு நாட்டின் பெயர் தமிழர் சரித்திரத்துள் ஒருமுறை அழுத்தமாகப் பதிந்துள்ளது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட வாஞ்சிநாதன் கையாண்டது, பெல்ஜியத்திற் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியே ஆகும். அதனை அறிந்தவர் பலர். நம் வீடுகளில் "லண்டன் துப்பாக்கி" எனப் பெயர் கொண்டு கிடப்பவற்றுள்ளும் பல அந்நாட்டினவே என்பதை அறிந்தவர் சிலரே.

அந்நாட்டில் மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள லியேஜ் நகரம் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கே தொழில் நடந்த முறை நம் நெசவூர்களின் முறையை ஒத்தது. குழல் அடிப்பவர் ஓர் ஊரினர். பூட்டு அராவுபவர் வேறோர் ஊரினர். கட்டை செதுக்குபவர் மற்றொருவர். யாவரும் தத்தம் வீட்டிலிருந்தே தொழில் செய்தனர். "உற்பத்தியாளர்" எனப் பெயர் பூண்ட முதலாளி இவற்றையெல்லாம் வாங்கிச் சேர்த்து முடித்து விற்றார். தறி வைத்திருப்பவர் ஒருவர், முத்திரை குத்தி விற்பவர் ஒருவர் என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், துப்பாக்கியின்மேல் உள்ள பெயரை மட்டும் கொண்டு அதனைச் செய்தவர் இன்னார் எனத் துணிதல் இயலாது.

பெயர் பொய்க்கலாம், சோதனை முத்திரை எளிதிற் பொய்ப்பதன்று. குழல் வெடித்துச் சுடுபவன் கையும் கண்ணும் போதலைத் தடுக்கும்பொருட்டு, லியேஜை ஆண்ட இளவரச ஆயரான பவேரியா மாக்ஸிமிலியன் ஹென்றி என்பவர், குழல்கள் யாவும் சோதிக்கப்படல் வேண்டுமென 1672-ஆம் ஆண்டிற் கட்டளையிட்டார். வழக்கத்தினும் மிகுதியாக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை இடப்பெறும். அம்முத்திரை பெரோன் என்னும் தூணின் உருவம். பெரோன் என்பது லியேஜ் நகர்ச் சந்தைவெளியில் நிற்கும் கல் தூண். அந்நகரத்தாரின் உரிமைக்கு அடையாளம். நகரை வென்ற பர்கண்டிச் சார்லஸ் 1467-இல் அதனைப் பெயர்த்துப் புரூஜ் நகருக்குக் கொண்டுபோக, பதினோராண்டு கழித்து 1478-இல் நகரத்தார் அதனை மீட்டனர். தோற்ற ஊரின் தூணைப் பிடுங்கிச் செல்லும் வழக்கம் நம் நாட்டரசர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

நிற்க. பின்னர் லியேஜ் பிரெஞ்சு ஆட்சியுள் வந்தது. நெப்போலியன் 1810-இற் பிறப்பித்த ஆணையால் புது முத்திரை தோன்றிற்று. நீள்வட்டத்தினுள் ஈ, எல், ஜி என்னும் மூன்று ரோமானிய எழுத்துகளும் அவற்றின்கீழ் ஒரு நட்சத்திரமும் அமைந்தது அது. பெல்ஜியம் தனி நாடாகியது 1830-இல். ஆயினும் அம்முத்திரை மாறவில்லை. 1893-ஆம் ஆண்டில் அந்நீள்வட்டத்தின் தலைமேல் ஒரு முடி ஏறிற்று. இம்முடி ஒன்றே காலம் கணிப்பார்க்குப் பெருந்துணை. முடியில்லா நீள்வட்டம் 1893-க்கு முற்பட்டது. முடியுள்ளது அதற்குப் பிற்பட்டது.

இதனோடு சோதனை அதிகாரியின் குறியையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஓர் எழுத்தும் அதன் தலைமேல் ஓர் அடையாளமுமாக அது இருக்கும். 1853 முதல் 1877 வரை எழுத்தின்மேல் முடி. 1877-க்குப்பின் எழுத்தின்மேல் நட்சத்திரம். ஆகவே, நீள்வட்டத்திற்கு முடியின்றி, அதிகாரியின் எழுத்துக்கு நட்சத்திரம் இருப்பின், அத்துப்பாக்கி 1877-க்கும் 1893-க்கும் இடைப்பட்டது எனத் தடையின்றிக் கூறலாம். 1922 முதல் ஆண்டுதோறும் ஓர் எழுத்து என்னும் முறை வந்தது. அவ்வாண்டிற்குச் சிறிய 'ஏ' எழுத்து. அதற்குப் பிற்பட்டவற்றின் ஆண்டினை நேரே படிக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கல்வெட்டில் அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் கொண்டு காலம் கணிப்பது போன்றதே இதுவும். கோயிலிற் சாசனம் அடித்தளத்திற் கிடப்பதுபோல, இங்கும் அது கண்ணிற் படாத இடத்திலேயே கிடக்கும். குழலைக் கட்டையினின்று கழற்றி, அதன் அடியிலுள்ள தட்டையான பகுதியை நோக்கினால்தான் தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. ஒரு முறை சோதிக்கப்பட்ட துப்பாக்கி பின்னொரு காலத்தில் மீண்டும் சோதனைக்குப் போயிருக்கலாம். அப்போது பழைய முத்திரையின் அருகே புதியதும் இருக்கும். மிகப் பழையது எதுவோ அதுவே அதன் பிறப்பைச் சொல்லும்.

இனிப் பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். முடியின்கீழ் ஏ, எஃப் என்னும் எழுத்துகள் ஒகுஸ்த் பிராங்கோத் என்னும் உயர்ந்த உற்பத்தியாளருடையவை. குதிரைமேல் ஏறிய வீரன் உருவமும் பேயார் என்னும் பெயரும் பீப்பர் சாலையின் குறி. எஃப், என் என்னும் எழுத்துகள் ஹெர்ஸ்டால் ஊரில் 1889-இல் நிறுவப்பெற்ற தேசியத் தொழிற்சாலையைக் குறிக்கும். தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் பிரௌனிங் வேட்டைத் துப்பாக்கி 1903 முதல் அங்கே செய்யப்பட்டது. இவர்களெல்லாம் தம் பெயரை மறையாதவர்கள். ஆனால் மலிவுச் சரக்கு செய்தவர் சிலர், பர்மிங்காமின் புகழ்பெற்ற வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பெயரை நினைவூட்டும்படி "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்றும், லண்டன் ஜோசப் மான்டன் பெயரைச் சார்ந்து "ஜே. மான்டன்" என்றும் வெட்டி அனுப்பினர். மான்டன் என்ற பெயரிற் கல்கத்தாவில் உண்மையான கடையும் இருந்தமையால் இந்நாட்டார் ஏமாறுதல் எளிதாயிற்று. சென்னையில் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைகள் தம் பெயரைக் குழலிடைப் பட்டையில் வெட்டுவித்து விற்றது வேறு செய்தி; அது கடைக்காரர் பெயர், வஞ்சகம் அன்று. மேற்பெயர் எதுவாயினும் அடியிற் பார்க்க. முடியின்கீழ்ப் பின்னிய ஜி, பி எழுத்துகள் இருப்பின் லண்டன். குறுக்கிட்ட இரு செங்கோல்கள் இருப்பின் 1904-க்கு முற்பட்ட பர்மிங்காம். நீள்வட்டம் இருப்பின் லியேஜ். வைரவடிவக் கட்டத்துள் 12 என்னும் எண் இருநாட்டிலும் வழங்கியமையால் அதனைக்கொண்டு நாடு துணியலாகாது.

லியேஜ்ச் சரக்கு என்றதும் இழிவென்று கொள்ளுதலும் பிழை. வெஸ்டர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நெசோன்வோ முதலிய சிற்றூர்களில், இரும்பும் எஃகுமான கம்பிகளை முறுக்கி, ஓர் அச்சின்மேற் கயிறுபோற் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய குழல்களை "டமாஸ்கஸ்" என்பர். அமிலத்தில் நனைத்தால் பட்டுச் சேலையின் கரைபோல் வரிகள் எழும். இங்கிலாந்தின் பெருங்கடைகளும் அக்குழல்களை வாங்கியதுண்டு. 1914-இல் ஜெர்மானியப் படை லியேஜில் நுழைந்தபின் அத்தொழில் தலையெடுக்கவில்லை.

ஆனால் அவ்வழகிய வரிகளிலேயே அபாயமும் உண்டு. அவை கருமருந்துக்கெனச் செய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் புகையில்லா மருந்து பரவிற்று. அதனைத் தாங்கிய குழலுக்குச் சிங்க உருவமும் பி, வி எழுத்துகளும் குத்தப்பட்டன. அச்சிங்கம் இல்லாத குழலில் இன்றைய தோட்டாவை இடுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். மேலும் பழைய தோட்டா அறைகள் பல 65 மில்லிமீட்டர் நீளத்தன. இன்றைய தோட்டாக்களோ பெரும்பாலும் 70. நுழைந்துவிட்டது என்பதனால் பொருந்திற்று என்பது இல்லை.

அண்மையில் நம் அன்பர் ஒருவர், தம் குடும்ப வரலாற்றை எழுதுவான் வேண்டி, தம் வீட்டுத் துப்பாக்கியை எமக்குக் காட்டினார். அவர் பெயர் குறியாது இதனை எழுத இசைந்தார். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, ஊர்க் களஞ்சியத்தைக் கொள்ளையினின்று காத்தமைக்காக அவர் முப்பாட்டனார்க்கு அது பரிசளிக்கப்பெற்றது என்பது குடும்ப வழக்கு. பட்டையில் "டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்" என்று இருந்தது. கழற்றிப் பார்த்தபோது முடியுள்ள நீள்வட்டமும், நட்சத்திரம் பொறித்த எழுத்தும், சிங்கமும் இருந்தன, முடியில்லாப் பழைய முத்திரை யாதும் இல்லை, ஆண்டெழுத்தும் இல்லை. எனவே அது 1893-க்கும் 1921-க்கும் இடையே சோதிக்கப்பெற்றது. பஞ்சம் தீர்ந்து பதினைந்தாண்டேனும் கழிந்தபின்னரே பிறந்தது. அன்பர் முகம் வாடிற்று. "எங்கள் பெரியவர்கள் சொன்னதெல்லாம் பொய்யா?" என்றார். களஞ்சியத்தைக் காத்த செய்தியை இம்முத்திரை மறுக்கவில்லை. அச்செய்திக்கு இத்துப்பாக்கி சாட்சியாகாது என்பதே துணிபு என்றோம். முதற் பரிசு பழுதாகிப் பின்னர் வேறொன்று வாங்கியிருக்கலாம். ஒருவருடைய புகழ் மற்றொருவருடைய பொருளின்மேல் ஏறியுமிருக்கலாம். உரிமச் சீட்டுகளைத் தேடும்படி வேண்டினோம். நம் இதழில் வெளிவரும் குடும்ப வரலாறுகளில் இத்தகைய ஆராய்ச்சி ஒன்று, பத்துப் புகழுரைகளினும் மேலானது என்பது எம் கருத்து.

சட்டத்தைப் பற்றியும் சொல்லல் வேண்டும். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போய் 1959-ஆம் ஆண்டினது வந்தது. உரிமம் உடையவர் இறந்துபடின், வாரிசுகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து, தம் பெயரில் உரிமம் கோருதல் வேண்டும். பழமையானது என்பதனாலேயே விலக்கு இல்லை. பழுது பார்த்தாலும் சுட இயலாத நிலையினதாயின் மட்டுமே விலக்கு உண்டு. ஒப்படைத்தவை பல, அழைப்பாரின்றித் துருவேறிப் போகின்றன. ஆதலால் ஒப்படைக்குமுன் முத்திரைகளைப் படியெடுத்துக் கொள்ளுதல் நன்று.

குழலுள் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்தபின், பழக்கமுள்ளவரைக் கொண்டே கழற்றச் செய்க. மெல்லிய தாளை முத்திரைமேல் இறுகப் பொருத்தி, மழுங்கிய பென்சிலால் மேலாகத் தேய்த்தால் உருவம் எழும். மங்கியவற்றைப் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்க்க. குழலின் அடி, பூட்டுத் தகட்டின் உட்புறம், முன்கட்டையின் இரும்பு ஆகிய மூன்றிடத்தும் தேடுக. துருவை எண்ணெய்த் துணியாற் துடைத்தலே போதும். உப்புத்தாள் இட்டுத் தேய்த்தல் ஆகாது. நீள்வட்டத்தின்மேல் உள்ள முடி மயிரிழை ஆழமே உடையது. துருவோடு அதுவும் போய்விடும்.