அமெரிக்க–மெக்சிகோ எல்லைச் சுவர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கு எல்லையில், மெக்சிகோவிலிருந்து ஆட்களும் வண்டிகளும் கடந்து வராதிருக்க வெவ்வேறு காலங்களில் எழுப்பப்பட்ட கம்பி வேலிகள், இரும்புத் தகடுகள், எஃகுத் தூண் வரிசைகள் ஆகியவை சேர்ந்து இப்பெயரால் வழங்குகின்றன. எல்லையின் நீளம் சுமார் 3,145 கி.மீ. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரியோ கிராண்டே ஆறு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ந்து செல்லும் சுவர் எக்காலத்திலும் இருந்ததில்லை.

எல்லையின் தோற்றம்

இரு நாடுகளுக்கிடையே நடந்த 1846–48 போரின் முடிவில் ஏற்பட்ட குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையும், 1853இல் நடந்த நில விற்பனையும் இன்றைய எல்லையை வகுத்தன. மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்தது. எல்பாசோவிலிருந்து பசிபிக் கடல் வரை முதலில் 52 எல்லைக் குறிகளே நடப்பட்டன. 1890களின் மறு அளவையில் அவை 258 ஆயின.

முதல் வேலிகள்

அமெரிக்க நடுவண் அரசின் செலவில் எழுந்த முதல் எல்லை வேலி மனிதர்களைத் தடுக்க எழுந்ததன்று. மாட்டு உண்ணியால் பரவும் டெக்சஸ் காய்ச்சலை ஒழிக்க முனைந்த கால்நடைத் துறை, மெக்சிகோ மாடுகள் வடக்கே மேய வராதபடி 1909 முதல் 1911 வரை கலிபோர்னியா எல்லையில் அதை அமைத்தது. ஆட்கள் மீதான கண்காணிப்பு அதற்குச் சற்று முன்பே, வேலியின்றித் தொடங்கியிருந்தது. சீனத் தொழிலாளர் வருகையைத் தடை செய்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின், கடல் வழி அடைபட்ட சீனர்கள் மெக்சிகோ வழியே வரலாயினர். அவர்களைப் பிடிக்க 1904 முதல் குதிரை வீரர் சிலர் எல்பாசோவைத் தலைமையிடமாகக் கொண்டு சுற்றிவந்தனர். மெக்சிகோ நாட்டவரை அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

நொகாலெஸ் நகரின் வரலாறு இங்கு விரித்துச் சொல்லத் தக்கது. ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள் ஒரு தெருவின் இரு பக்கமாக இருந்தன. தெருவின் நடுவே எல்லை ஓடியது. எல்லைக் கல்லை ஒட்டி நின்ற மதுக்கடை ஒன்று உள்ளே அமெரிக்க மண்ணில் மதுவும், வெளியே மெக்சிகோ மண்ணில் சுங்கமில்லாச் சுருட்டும் விற்றதாகக் குறிப்புகள் கூறும். கடத்தலைத் தடுக்க எல்லையோரம் 60 அடி அகலத்துக்குக் கட்டடங்களை அகற்றுமாறு 1897இல் ஆணை பிறந்தது. 1918 ஆகஸ்ட் 27 அன்று கையில் பொதியுடன் மெக்சிகோ பக்கம் நடந்த தச்சர் ஒருவரை அமெரிக்கச் சுங்கக் காவலர் நிற்கச் சொல்ல, எதிர்ப்பக்கக் காவலர் வரச் சொல்ல, துப்பாக்கிச் சண்டை மூண்டது. முதலில் சுட்டவர் யார் என்பதில் இரு நாட்டுக் கூற்றுகளும் வேறுபடுகின்றன. சண்டையை நிறுத்த முயன்ற மெக்சிகோ பக்க நகரத் தலைவர் குண்டடிபட்டு இறந்தார். அதன்பின் தெரு நடுவே நிலையான கம்பி வேலி வந்தது. மக்கள் குடியிருப்பைப் பிரித்த முதல் நிரந்தர வேலி இதுவே எனப் பலர் கொள்வர்.

இதற்கு முந்தைய ஆண்டில் எல்பாசோ பாலத்தில் நடந்ததும் குறிக்கத் தக்கது. டைபஸ் காய்ச்சல் அச்சத்தால், வேலைக்கு வரும் மெக்சிகோ மக்களை நிர்வாணமாக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரால் கழுவும் முறை இருந்தது. 1917 ஜனவரி 28 அன்று வீட்டு வேலைக்குச் சென்ற 17 வயதுப் பெண் ஒருவர் அதற்கு உடன்பட மறுத்தார். உடன் வந்த பெண்களும் சேர்ந்துகொள்ள, டிராம் வண்டிகள் மறிக்கப்பட்டன. போராட்டம் அடக்கப்பட்டது, கழுவும் முறை பின்னும் நெடுங்காலம் நீடித்தது. அவ்வாண்டுக் குடியேற்றச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வையும் 8 டாலர் தலைவரியையும் புகுத்தியதோடு, இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியினரை விலக்கியது. பண்ணையார்களும் ரயில்வே நிறுவனங்களும் வற்புறுத்தியதால் மெக்சிகோ கூலியாட்களுக்குத் தேர்விலிருந்தும் வரியிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆளை வேண்டாமென்று சட்டம் எழுதி, உழைப்புக்குப் புறவாசலைத் திறந்து வைக்கும் இவ்வழக்கம் பிற்காலத்திலும் மறையவில்லை.

1924 மே மாதத்தில் நாடுவாரி ஒதுக்கீட்டுச் சட்டமும் எல்லை ரோந்துப் படையும் சில நாள் இடைவெளியில் தோன்றின. ஒதுக்கீடு மெக்சிகோவுக்குப் பொருந்தவில்லை. அனுமதியின்றி எல்லை கடப்பது 1929இல் குற்றமாக்கப்பட்டது.

1930 முதல் 1986 வரை

பொருளாதார மந்தக் காலத்தில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர் தொகை 4 லட்சம் முதல் 20 லட்சம் வரை பலவாறு கூறப்படுகிறது. அவர்களுள் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் பலர். 1942 முதல் 1964 வரை நடந்த ‘பிராசெரோ’ திட்டத்தில் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன. இத்திட்டம் நடந்தபோதே 1954இல் பெரும் நாடுகடத்தலும் நடந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர் என்ற அரசின் கணக்கை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை.

1945இல் கலெக்சிகோவில் நிறுவப்பட்ட பத்தடி உயர வேலிக்கான கம்பியும் கம்பங்களும், போர்க்காலத்தில் ஜப்பானிய வமிசத்தாரை அடைத்து வைத்த கிரிஸ்டல் சிட்டி முகாமிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை.

1965, 1976 ஆண்டுச் சட்டங்கள் மெக்சிகோவையும் எண்ணிக்கை வரம்புக்குள் கொண்டுவந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியிருப்புரிமை அளித்தது.

சான் டியேகோவும் பாலைவனமும்

1990களின் தொடக்கத்தில் சான் டியேகோ அருகே 14 மைல் நீளத்துக்குத் தகட்டு வேலி எழுந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர் இறங்கத் தரையில் விரித்த எஃகுத் தகடுகளே அதற்குப் பயன்பட்டன. தகட்டின் வரிகள் கிடைமட்டமாக அமைந்ததால் கால் வைத்து ஏறுவது எளிதாயிற்று. 1993இல் எல்பாசோவிலும் 1994இல் சான் டியேகோவிலும் காவலர் குவிக்கப்பட்டனர். நகரங்களை அடைத்தால், பாலைவனத்துக்கு அஞ்சி மக்கள் வரமாட்டார்கள் என்பது திட்டம்.

சுவரை ஆதரிப்போர் இக்காலத்தைச் சான்றாகக் காட்டுவர். சான் டியேகோ பகுதியில் 1992இல் சுமார் 5.6 லட்சமாயிருந்த கைதுகள் 2000இல் 1.5 லட்சமாகக் குறைந்தன. எதிர்ப்போர் அரிசோனாவின் டூசான் பகுதியைக் காட்டுவர்: அங்கே 2000இல் கைதுகள் 6 லட்சத்தைத் தாண்டின. மக்கள் அஞ்சவில்லை, வழியை மாற்றிக்கொண்டார்கள். 1998 முதல் 2017 வரை எல்லையில் இறந்தோர் ரோந்துப் படையின் கணக்குப்படியே ஏழாயிரத்துக்கு மேல். இவர்களில் வெயிலிலும் தாகத்திலும் மாண்டு, பெயர் தெரியாமலே புதைக்கப்பட்டவர் பலர். மனிதநேய அமைப்புகள் உண்மைத் தொகை இதனினும் கூடுதல் என்கின்றன.

சமூகவியலர் டக்ளஸ் மேசியும் அவருடன் ஆய்ந்தோரும் இன்னொரு விளைவைச் சுட்டினர். முன்பு அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளர்கள், மீண்டும் கடப்பது ஆபத்தும் செலவும் ஆனபின் அமெரிக்காவிலேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டனர். 1990இல் சுமார் 35 லட்சமாக மதிப்பிடப்பட்ட ஆவணமற்றோர் தொகை 2007இல் 1.2 கோடியானதற்கு இதுவும் காரணம் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கப் பொருளாதாரத்தின் ஆள் தேவையே முதற்காரணம் என்போரும் உளர்.

2006ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னும்

சுமார் 700 மைல் வேலிக்கு வழிசெய்த சட்டம் 2006 அக்டோபரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்துடன் நடைமுறைக்கு வந்தது. செனட்டில் 80 பேர் ஆதரித்தனர். பராக் ஒபாமா, ஹிலாரி கிளிண்டன், ஜோ பைடன் ஆகியோரும் அதில் அடங்குவர். வேலிக்குக் குறுக்கே நிற்கும் எந்தச் சட்டத்தையும் விலக்கிவைக்கும் அதிகாரம் 2005லேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலருக்கு வழங்கப்பட்டிருந்தது. அருகிவரும் உயிரினங்கள், பழங்குடியினர் புதைகுழிகள் ஆகியவற்றுக்கான காப்புச் சட்டங்கள் அவ்வாறு விலக்கப்பட்டன. எல்லையின் இருபுறமும் வாழும் தொஹோனோ ஓதாம் பழங்குடியினரின் எதிர்ப்பு இன்றும் தொடர்கிறது. டெக்சஸில் வெள்ளக் கரைமீது வேலி சென்றதால், வீடுகளும் வயல்களும் வேலிக்கும் ஆற்றுக்கும் இடையே சிக்கின.

டொனால்ட் டிரம்ப்பின் முதல் ஆட்சியில் 458 மைல் கட்டப்பட்டது. பெரும்பகுதி பழைய தடுப்புகளை அகற்றி அதே இடத்தில் நிறுத்திய, 30 அடி வரை உயர்ந்த எஃகுத் தூண்கள். 2019 ஜூலையில் கட்டடக் கலைஞர் இருவர் அத்தகைய தூண்களின் இடைவெளியில் இளஞ்சிவப்பு ஏற்ற இறக்கப் பலகைகளைச் செருக, இரு நாட்டுக் குழந்தைகளும் சற்று நேரம் ஏறி இறங்கி விளையாடினர். இலங்கைத் தமிழர் ஒருவர் 2017இல் எல்லை தாண்டி 25 கஜ தூரத்துக்குள் பிடிபட்டுப் புகலிடம் கோரிய வழக்கில், விரைவு வெளியேற்ற ஆணையை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமை அவருக்கில்லை என உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் 7–2 எனத் தீர்ப்பளித்தது. எல்லைக் கோட்டைத் தாண்டியவரையும் வாசலிலேயே நிற்பவராகக் கருதலாம் என்ற இத்தீர்ப்பு, எந்தச் சுவரினும் உயரமான தடை எனலாம்.

பைடன் 2021இல் கட்டுமானத்தை நிறுத்தினார். 2023இல் டெக்சஸின் ஸ்டார் மாவட்டத்தில் அவரது அரசே மீண்டும் அனுமதித்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் சுவருக்கென 4,650 கோடி டாலர் ஒதுக்கியுள்ளது.