தராசுக்குத் தெரியாத கல்லீரல்

தோட்டத்துப் பிள்ளையின் ஆரோக்கியம் என்றால் ஒரு காலத்தில் ஒரே கேள்விதான். பிள்ளை எடை போட்டிருக்கிறதா, இல்லையா? மெலிந்திருந்தால் கவலை, கொழுகொழுவென்று இருந்தால் நிம்மதி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலும் பாட்டிமார்கள் இந்த அளவுகோலை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பசியைப் பார்த்தவர்கள் வைத்துவிட்டுப் போன அளவுகோல் அது.

வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளந்து குறித்தது 1885இல். ஆனால் தேயிலை ஏறி வர மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ.பி. மில்னுடன் சேர்ந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து கிள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். விடியுமுன் தாய் பெரட்டுக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். தாய்ப்பால் தவறிய வேளைக்கு டின் பால். மலாயாத் தோட்டங்கள் எங்கும் வாழ்க்கை ஏறக்குறைய இப்படித்தான்.

அந்த நாளிலும் பிள்ளைகளின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில் பணியாற்றியபோது, காலும் முகமும் வீங்கி, முடி செம்பட்டையாகி மடிந்த குழந்தைகளைக் கண்டார். அவர் 1933இல் எழுதிய அந்த நோய்தான் பின்னர் குவாஷியோர்கர் என்று பெயர் பெற்றது. இறந்த குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. அவரே 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பில் பேசி, சீனி கலந்த டின் பாலைத் தாய்மார்களின் தலையில் கட்டும் விளம்பரங்களைக் கடுமையாகச் சாடினார். 1948இல் ஜான் வாட்டர்லோ, மேற்கிந்தியத் தீவுக் குழந்தைகளின் கல்லீரல் கொழுப்பு நோயைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். ஆக, அன்று கல்லீரல் கொழுத்தது பஞ்சத்தால். தராசு அந்தக் குழந்தையைப் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று அதே உறுப்பு, அதே கொழுப்பு. காரணம் மட்டும் தலைகீழ். 1983இல் அமெரிக்காவில் உடல் பருமனான 3 பிள்ளைகளின் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் இருந்ததாக முதல் அறிக்கை வந்தது. அதுவரை குடிகாரர்களின் நோயாகக் கருதப்பட்டது, மதுவை மோந்துகூடப் பார்க்காத பிள்ளைகளிடம்! 2006இல் சான் டியாகோ வட்டாரத்தில் விபத்து முதலிய காரணங்களால் இறந்த 742 பிள்ளைகளின் கல்லீரலை ஆராய்ந்தபோது, பருமனானவர்களில் 100க்கு 38 பேரிடம் இந்தக் கொழுப்பு இருந்தது. வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. தேடாமல் இது கிடைக்காது.

'மலையேறி இறங்கி உழைக்கும் வம்சத்துக்கு இது வருமா?' என்று கேட்கலாம். இதற்குப் பதில் இலங்கையின் நுவரெலியா தோட்டங்களில் இருக்கிறது. அங்கே இரண்டு தோட்டங்களில் பெரியவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. பெரும்பாலோர் இந்திய வம்சாவளித் தமிழர்கள், உடலுழைப்பில் வாழ்கிறவர்கள், வருமானமும் குறைவு. இருந்தும் 100க்கு 18 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு. பிள்ளைகள் விஷயத்தில், கொழும்புக்கு அருகிலுள்ள ராகமையில் இளம் வயதினரை ஆராய்ந்த ஆய்வு 2017இல் 8.4 விழுக்காடு என்று சொன்னது. மில்ன் தேயிலை பழகிய நாட்டின் கணக்கு இது. இரு மலைகளிலும் குடியேறியவர்கள் ஒரே தமிழ்நாட்டுக் கிராமங்களின் பிள்ளைகள்தாமே!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 2003இல் காட்டிய உண்மை இது: இந்தியக் குழந்தை சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறக்கிறது, ஆங்கிலேயக் குழந்தை 3.5 கிலோ. ஆனால் இந்தியக் குழந்தைக்குக் குறைந்திருப்பது தசையே. தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடலிலும் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதே இதன் பொருள். தராசு இங்கேதான் தோற்கிறது.

மலேசியாவில் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 10 பேருக்கு 3 பேர் கூடுதல் எடையோ பருமனோ கொண்டவர்கள். பள்ளியில் உயரமும் எடையும் அளக்கிறார்கள். அதற்கு அடுத்த படிதான் கல்லீரல். குழந்தை இரைப்பை குடல் நோய் மருத்துவர்களின் வட அமெரிக்கச் சங்கம் 2017இல் வழி சொன்னது: பருமனான பிள்ளைக்கு 9 முதல் 11 வயதுக்குள் ஏ.எல்.டி. என்ற இரத்தப் பரிசோதனை செய்யலாம். கூடுதல் எடையோடு வயிற்றுப் பருமன் போன்ற வேறு அறிகுறி உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பது மேல் எல்லை. அதைப் போல் இரு மடங்குக்கு மேல் 3 மாதத்துக்கு மேலாக நீடித்தால், மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற பிற காரணங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். ஸ்கேன் எடுத்தாயிற்று, தெளிவாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதற்கில்லை. லேசான கொழுப்பு அதில் தப்பிவிடும்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதில்லை. 2012இல் அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கம், ஆதாரம் போதாது என்று பிள்ளைகளுக்கான பரிசோதனையைப் பரிந்துரைக்காமல் நிறுத்திக்கொண்டது. கண்டுபிடித்து என்ன செய்வது என்ற கேள்வி அப்போது நியாயமானதுதான். அதற்கு 2019இல் ஒரு விடை வந்தது. 11 முதல் 16 வயதுக்குட்பட்ட 40 பையன்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு 8 வாரம் சீனி சேர்த்த உணவும் பானமும் இல்லாமல் செய்தார்கள். அவர்களின் கல்லீரல் கொழுப்பு சராசரி 25 விழுக்காட்டிலிருந்து 17க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 21லிருந்து 20, அவ்வளவே.

இதில் எளிதாகக் கண்ணில் படாமல் போகும் ஒரு செய்தி உண்டு. அந்த 8 வாரமும் பையனுக்கு மட்டும் தனிச் சமையல் நடக்கவில்லை. வீட்டிலுள்ள அனைவருக்குமே சீனி குறைத்த உணவு கொடுக்கப்பட்டது. கேமரன் மலைக் குளிரில், கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் அடுப்பில் ஆவி பறக்க, பிள்ளையை மட்டும் 'நீ குடிக்காதே' என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? தானா ராத்தா மருத்துவமனையில் ஒரு குழாய் இரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். அதற்குப் பிறகுள்ள வேலை தாயும் தகப்பனும் பாட்டியும் சேர்ந்து குடிக்கும் குவளையில் இருக்கிறது.